கட்டடத்துக்கா, ஊழியருக்கா, வீட்டுக்கா, கைக்கா: மனநலச் சேவைக்கான பணத்தை எங்கே வைக்கச் சொல்லிக் கேட்பது?

போன மாதம் ஒரு பெற்றோர் குழுவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊர். இருபது குடும்பங்களுக்கு மேல் இருக்கும். பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குப் பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு. மீதிப் பேருடைய மகனோ மகளோ நன்றாகப் படித்துக்கொண்டிருந்து, இருபது வயதையொட்டி மனச்சிதைவு நோயில் விழுந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு மனு கொடுக்கப் போகிறார்கள். "எங்கள் தாலுகாவில் சோதனை முயற்சியாக இதைச் செய்து பாருங்கள்" என்று ஒன்றே ஒன்றைக் கேட்பது என முடிவாகிவிட்டது. அந்த ஒன்று எது என்பதில் குழு நான்காகப் பிரிந்து நின்றது.

"அக்கா, எல்லாமே நல்லதாத்தான் தெரியுது. எதைக் கேட்டா நாளைக்கு நாங்க வருத்தப்பட மாட்டோம், அதைச் சொல்லுங்க" என்றார் குழுவின் பொருளாளர். அவருடைய மகனுக்கு 31 வயது. பேச்சு வராது.

என் தம்பிக்கு மனச்சிதைவு வந்து 19 வருடமாகிறது. பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டு, அடையாள அட்டை ஜெராக்ஸ், மருந்துச் சீட்டு எல்லாம் அதில்தான். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே இந்தச் சேவைகளின் வரலாறு தெரியும். எந்த வருடம் மருந்து ஒழுங்காகக் கிடைத்ததோ அந்த வருடம் காகிதம் குறைவு. அந்த அனுபவத்தையும், வேறு ஊர்களிலும் நாடுகளிலும் செய்து பார்த்ததைப் பற்றிப் படித்ததையும் சேர்த்து அவர்களிடம் சொன்னேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற குழுக்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி, பணம் யாரோடு போகிறது? கட்டடத்தோடு போகும் பணம் ஒன்று. ஊழியரின் சம்பளமாகப் போவது இன்னொன்று. நோயாளியோடு போவது மூன்றாவது. பணம் எங்கே உட்காருகிறதோ, கொஞ்ச நாளில் நம் பிள்ளையும் அங்கேதான் உட்கார வேண்டிவரும். மற்ற நான்கும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

இரண்டாவது, மிகவும் கஷ்டமான பிள்ளை உள்ளே வருமா? அடிக்கிற பிள்ளை, ஆடையை அவிழ்க்கிற பிள்ளை, வலிப்பும் சேர்ந்து உள்ள பிள்ளை. எந்தத் திட்டமும் எளிதானவர்களை வைத்துப் பார்த்தால் வெற்றியாகத்தான் தெரியும்.

மூன்றாவது, பார்த்துக்கொள்கிறவர் திடீரென்று படுத்துவிட்டால் அன்று ராத்திரி என்ன நடக்கும்?

நான்காவது, தப்பு நடந்தால் யாரைப் போய்க் கேட்பது? நம் மாநிலத்தில் இது பெரிய சிக்கல். மருத்துவரும் மாத்திரையும் மக்கள் நல்வாழ்வுத் துறையில். உதவித்தொகை, சிறப்புப் பள்ளி, இல்லம் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களில் மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருந்தால், "அங்கே போங்க" என்று இவரும், "அங்கேதான் போகணும்" என்று அவரும் சொல்வதைக் கேட்காத தாய் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை.

ஐந்தாவது, சோதனைக்காக ஒதுக்கிய நிதி தீர்ந்த மறு மாதம் என்ன ஆகும்?

## இல்லத்துக்கு மானியம்

குழுவில் வயதானவர்கள் இதைத்தான் கேட்டார்கள். ஐம்பது படுக்கையோடு ஓர் இல்லம், அரசு மானியம், தொண்டு நிறுவனம் நடத்தட்டும். அவர்கள் மனது எனக்குப் புரிகிறது. "எங்களுக்கப்புறம் யார்" என்ற கேள்விக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய பதில் கட்டடம்தான்.

நம்மிடம் மிகப் பழையதும் இந்த வழிதான். சென்னையில் மனநல விடுதி தொடங்கியது 1794இல். இப்போதைய கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு வந்தது 1871இல். கட்டடம் கட்டுவது எளிது, படுக்கையை எண்ணுவது எளிது, திறப்பு விழா நடத்தலாம். கணக்குத் தணிக்கைக்கும் படுக்கை எண்ணிக்கை வசதி.

ஆனால் மானியம் ஆள் கணக்கில் வரும்போது, நலமானவரை வீட்டுக்கு அனுப்பினால் இல்லத்துக்கு வருமானம் குறைகிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் வேண்டியதில்லை, கணக்கே அப்படி அமைந்துவிடுகிறது. மானியம் ஆறேழு மாதம் தள்ளிவந்தால் முதலில் குறைவது ஊழியர், அடுத்து சாப்பாடு. ஊழியர் குறைந்தால் கதவைப் பூட்டுவார்கள். பூட்டிய இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். தனியார் விடுதி ஒன்றில் பிடித்த தீயில் 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் தங்கள் பிள்ளைகளை விட்டிருந்தவர்கள் பாசமில்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் விட்டார்கள்.

இன்னொரு செலவு, தூரம். இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றுதான் வரும். முதல் வருடம் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பீர்கள், மூன்றாவது வருடம் பொங்கலுக்கு. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ்ஸும் வயதும் அப்படி.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, ஊரில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆக, மனுவில் பெரிய இல்லம் கேட்டால் சட்டம் போகும் திசைக்கு எதிரே நடப்பதாகிவிடும்.

அப்படியானால் இது எப்போது சரி? தெருவில் கண்டெடுக்கப்பட்டவருக்கு, நோய் முற்றிய சில வாரங்களுக்கு, எங்கிருந்து வந்தார் என்றே தெரியாதவருக்கு. நம் மாநிலத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இந்த வேலைக்குத்தான். அது தேவையான சேவை. முப்பது வருடம் வாழ்வதற்கான இடம் வேறு.

## தாலுகா வரை வரும் சேவை

இது இளைய பெற்றோர்கள் கேட்டது. படுக்கை வேண்டாம், மருத்துவர், மாத்திரை, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவர், பகல்நேர மையம், இவை பக்கத்திலேயே இருக்கட்டும் என்கிறார்கள்.

இதற்கும் நம்மிடம் சோதனை வரலாறு உண்டு. 1980களின் நடுவில் பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, இருக்கிற ஆட்களை வைத்தே மனநோய்க்கு மருத்துவம் பார்க்கலாம் என்று காட்டியது. அதைப் பார்த்துத்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாநிலங்களில் தலா ஒரு மாவட்டத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த முதல் மாவட்டம் திருச்சி. இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது.

பெல்லாரியில் நடந்தது மற்ற எல்லா மாவட்டத்திலும் அதே உயிரோடு நடக்கவில்லை. சோதனை நடந்த இடத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கூடவே நின்றார்கள், குறை வந்தால் அன்றே பேசிச் சரிசெய்தார்கள். விரிவாக்கியபோது பணமும் படிவமும் போயின. கூடவே நிற்கும் ஆள் போகவில்லை. சோதனையை வெற்றிபெறச் செய்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் விரித்தால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று. முகாம் நாளன்று தம்பியைக் கூட்டிக்கொண்டு காலை ஆறரை பஸ் பிடிப்பேன். வரிசையில் நின்று மருத்துவரைப் பார்ப்பது மூன்று நிமிடம். அது எனக்குக் குறையே இல்லை, அவர் நல்ல மனிதர். மருந்தகத்து ஜன்னலில் மூன்று மாத்திரைக்கு இரண்டுதான் இருக்கும். "இது வெளியே வாங்கிக்கோங்க." இப்படி வெளியே வாங்க முடியாத ஒரு மாதம்தான் அவன் மறுபடி விழுந்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாத்திரை அட்டைகளைப் போட்டு வைப்போம். அந்த மாதம் அந்தப் பாட்டில் காலியாக இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 11 நாள் படுக்கை, என் வேலை போனது. ஒரு மாத்திரை அட்டையின் விலை அது. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவரின் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை குடும்பங்கள் கைக்காசு போடுகின்றன என்றது. அரசு மருத்துவம் இலவசம் என்று சொல்லும்போது இந்தத் தொகை கணக்கில் வருவதில்லை.

இப்போது இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. உலக வங்கிக் கடன் 16.2 கோடி டாலரோடு தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறார்கள். ஒரே கூரையின் கீழ் பயிற்சியும் சிகிச்சையும் ஆலோசனையும் என்பது நோக்கம். துறைக்குத் துறை அலையவிடுவதைக் குறைக்க இதைவிட நேரான யோசனை எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986 வாக்கில் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை ஒன்பது பெரிய நகரங்களில் ஒரு பெரிய சோதனை நடத்தியது. நீண்டகால மனநோய் உள்ளவர்களுக்கான பணம், அதிகாரம் இரண்டையும் பல துறைகளிலிருந்து பிடுங்கி ஒரே உள்ளூர் ஆணையத்தின் கையில் கொடுப்பது, அதுதான் திட்டம். ஆணையங்கள் உருவாயின, பலப்பட்டன. நோயாளியை விடாமல் தொடரும் ஊழியர்களும் வந்தார்கள், தொடர்ச்சி கூடியது. ஆனால் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. நிர்வாகத்தைச் சீராக்கியது பிழையில்லை. அந்தச் சீரான நிர்வாகம் கொண்டுவந்து கொடுத்த சேவையின் தரம் மாறவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன பாடம். ஒரே கூரை வந்துவிட்டது என்று நாம் கைதட்டும்போது, கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாராவது எட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த வழி யாருக்கு நல்லது? குடும்பம் இருக்கிறது, அம்மா அப்பாவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, குறைவது உதவி மட்டுமே என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. மூன்றாவது கேள்வியில்தான், அந்த ராத்திரி கேள்வியில்தான், இது தோற்கிறது. மையத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ராத்திரி 14416இல், டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியில், ஆலோசகர் பேசுவார். அது பெரிய ஆறுதல், நானே கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அவரால் பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாது.

## தெருவுக்குள் ஒரு வாடகை வீடு

'தி பேன்யன்' அமைப்பு 1993இல் சென்னையில் தொடங்கியது. வீடற்ற, மனநோயுள்ள பெண்களை முதலில் விடுதியில் வைத்துப் பார்த்தவர்கள், 2015இலிருந்து 'ஹோம் அகெய்ன்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நான்கைந்து பேர் சேர்ந்து வாழ்கிறார்கள், உதவிக்கு ஒரு பணியாளர். வருடக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர்கள் இங்கே வந்து சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டைத் தாண்டி கேரளாவுக்கும் அசாமுக்கும் இந்த முறை போயிருக்கிறது.

உலகத்தில் இதன் பெரிய முன்னோடி இத்தாலியின் திரியெஸ்தே நகரம். 1971இல் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் அங்குள்ள மனநல மருத்துவமனைக்கு இயக்குநராகப் போனபோது உள்ளே சுமார் 1,200 பேர் இருந்தார்கள். அவர் ஆட்களை மட்டும் வெளியே அனுப்பவில்லை. செவிலியர்களையும் பட்ஜெட்டையும் சேர்த்து நகரத்துக்குள் அனுப்பினார். பேட்டைக்குப் பேட்டை 24 மணி நேர மனநல மையம், அதில் சில படுக்கைகள். 1978இல் மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூட இத்தாலி முழுவதற்கும் சட்டம் வந்தது. ஆனால் மையங்களைக் கட்டாமல் மருத்துவமனைக் கதவை மட்டும் சாத்திய பகுதிகளில் சுமை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் இறங்கியது. மாற்றம் நடக்கும் இரண்டு மூன்று வருடம் பழையதற்கும் புதியதற்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டும். மனுவில் இந்த இரட்டைச் செலவை எழுதாவிட்டால் பின்னால் யாரும் தர மாட்டார்கள்.

வாடகையைவிடப் பெரிய செலவு ஆள் செலவு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பும் காய்ச்சலும் சேர்த்தால் நான்கு பேர். கூடவே தங்கும் ஒரே பணியாளரை வைத்தால் செலவு குறையும், சரி. ஆனால் அவரும் ஒரு பெண்தான், அவருக்கும் வீடு உண்டு. அவர் களைத்துப்போனால் வீடே களைத்துப்போகும். இதற்கு மேல் வீட்டு ஓனர். "மனநலம் சரியில்லாதவங்களா?" என்று கேட்டுவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஆறு மாதம் வீடு தேடவே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் நான்கைந்து பேர் என்றால், தாலுகாவில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது பத்து வீடு வேண்டும். அங்கேதான் அரசு தயங்கும். ஆனாலும் அந்த ராத்திரி கேள்விக்கும், எங்களுக்கப்புறம் யார் என்ற கேள்விக்கும் நான் பார்த்தவற்றில் மனசாட்சிக்கு ஒத்த பதில் இந்த வீடுதான். பெற்றோருக்கு எழுபது தாண்டிவிட்டது, கூடப் பிறந்தவர் இல்லை என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பிள்ளை இதற்குப் பழக வருடம் பிடிக்கும். ஆகவே அம்மா உயிரோடு இருக்கும்போதே, வாரம் இரண்டு நாள் தங்கிப் பழகுவதாகத் தொடங்க வேண்டும். அப்பா செத்த பதினாறாம் நாள் கொண்டுபோய் விடுவது பெரிய கொடுமை.

## பணத்தைக் கையில் கொடுத்துவிடுவது

"அவங்க என்ன செய்யறது, காசைக் கொடுக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்." இதைச் சொன்னவர் ஒரு டிரைவர். மகளுக்குத் தீவிரமான அறிவுசார் குறைபாடு.

தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. மாதம் 2,000 என்றால் ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம். அதில் ஒரு ஆளைப் பகலில் கூட வைத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வங்கிப் புத்தகத்தில் வரும் அந்த வரி அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு மரியாதையைக் கொண்டுவருகிறது. அவள் பெயரில் வரும் பணம் அது.

இதையே பெரிய அளவில் சோதித்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 2009இலிருந்து மூன்று ஆண்டு, 2,000 பேருக்கு மேல் வைத்து, நோயாளிக்கு ஒரு தனிப்பட்ட பட்ஜெட்டைக் கொடுத்து எதற்குச் செலவிடுவது என்று அவரும் ஊழியரும் சேர்ந்து முடிவெடுக்க விட்டார்கள். உடல்நிலை அளவீடுகளில் மாற்றமில்லை. வாழ்க்கைத் தரமும் மன நிம்மதியும் கூடின. மனநலச் சேவையில் இருந்தவர்களுக்குப் போட்ட பணத்துக்கு நல்ல பலன் கிடைத்தது. தொகை சிறிதாக இருந்தவர்களைவிடப் பெரிதாக இருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. எதை வாங்கலாம் என்று கட்டுப்பாடு போட்ட இடங்களில் பலன் குறைந்தது.

ஆஸ்திரேலியா இன்னும் துணிந்து போனது. 2013இல் சில இடங்களில் சோதித்து, 2020க்குள் நாடு முழுவதும் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆள் ஆளுக்குத் திட்டம், அதற்கேற்ற பணம். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கையைத் தொட்டது. இரண்டு விஷயத்தில் தடுக்கியது. ஒன்று, சேவை தருபவர்களே இல்லாத தூரத்து ஊர்களில் பணம் கணக்கில் கிடந்ததே தவிர வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு, இந்தத் திட்டம் வந்ததும் மாநிலங்கள் நடத்திவந்த பொதுச் சேவைகள் சுருங்கின. திட்டத்துக்குள் வர முடியாதவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். 2023 இறுதியில் வந்த மறுஆய்வு, திட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கான அடிப்படைச் சேவைகளை மறுபடி கட்டச் சொன்னது.

நம் தாலுகாவில் முதல் தடுக்கல் நிச்சயம். மாதம் 8,000 கொடுத்தாலும் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்தப் பணம் பஸ்ஸுக்கும் அரிசிக்கும்தான் போகும். அரிசிக்குப் போவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேவை அதனால் முளைக்காது.

அடுத்து, பணம் வர மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு ஊனம் 40 சதவீதமாவது இருக்கிறது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். மனநோயில் இது வேதனை. மருத்துவக் குழு முன் தம்பியை உட்கார வைத்த அன்று அவன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, தேதி, கிழமை, முதலமைச்சர் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னான். முந்தின வாரம் மூன்று நாள் கட்டிலுக்கடியில் படுத்திருந்தவன். அன்று சதவீதம் குறைந்துபோனது. அவன் நன்றாக இருந்த ஒரு காலையைப் பார்த்து நான் அழுத ஒரே நாள் அது.

மூன்றாவது, நிலுவை. கேரளாவில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு மாதம் 600 ரூபாய் தரும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் பல மாதம் பாக்கி விழுந்தது ஊரறிந்த செய்தி. கையில் வரும் பணத்தை நம்பி வேலையை விட்ட தாய்க்கு அந்த மாதங்கள் பட்டினி.

கையில் பணம் யாருக்குச் சரி? பிள்ளையின் தேவை தினமும் ஒரே மாதிரி இருக்கிறது, குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறது, பக்கத்தில் வாங்குவதற்குச் சேவை இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் இதைப்போல நல்லது இல்லை. குடிக்கும் ஆள் வீட்டில் இருந்தால் யோசியுங்கள்.

## தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம்

இதைக் குழுவில் யாரும் கேட்கவில்லை. அதிகாரிகள் கேட்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்திடம் "இந்த 100 பேரை ஒரு வருடம் முழுக்கப் பார்த்துக்கொள், தலைக்கு இவ்வளவு" என்று கொடுத்துவிடுவது. நியூயார்க் மாநிலத்தில் மன்ரோ, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு மாவட்டங்களில் 1987இலிருந்து இதைச் சோதித்தார்கள். மருத்துவமனையில் கிடக்கும் நாட்கள் குறைந்தன. மருத்துவமனையைத் தவிர்த்தால் பணம் மிச்சம் என்பதால் வெளியே நல்ல சேவை தர நிறுவனத்துக்கு ஆசை வரும். அதே காரணத்தால் கஷ்டமான பிள்ளையைத் தவிர்க்கவும் ஆசை வரும். பட்டியலை அரசு தயாரிக்க வேண்டும், நிறுவனம் யாரையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டு வரியும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இல்லம் | தாலுகா சேவை | வாடகை வீடு | கையில் பணம் |
|---|---|---|---|---|
| பணம் போவது | கட்டடத்துக்கு | ஊழியருக்கு, மருந்துக்கு | வீட்டுக்கும் ஆளுக்கும் | நபருக்கு |
| கஷ்டமான பிள்ளை | பூட்டி வைக்கும் ஆபத்து | வீட்டிலேயே நின்றுவிடும் | வரலாம், ஆள் கூட வேண்டும் | சதவீதம் கிடைத்தால் |
| அந்த ராத்திரி | இடம் உண்டு | போன் மட்டும் | இடம் உண்டு | ஒன்றுமில்லை |
| மறைந்த செலவு | தூரம், வெளியேற முடியாமை | பயணம், மருந்து வெட்டு | நான்கு பணியாளர், வீடு தேடல் | நிலுவை, வாங்கச் சேவை இல்லாமை |
| நிதி நின்றால் | சாப்பாடு குறையும் | முகாம் நிற்கும் | வாடகை பாக்கி | அன்றே நிற்கும் |

## சோதனை என்று சொன்னால் எப்படி

சோதனை என்ற சொல்லுக்கு ஊரில் "தற்காலிகம்" என்றுதான் அர்த்தம் ஆகிவிட்டது. அதை மாற்ற மூன்று விஷயத்தை மனுவிலேயே எழுதச் சொன்னேன்.

தொடங்கும் முன்பே அளந்துவிட வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை நாள் மருந்து இல்லை, எத்தனை நாள் படுக்கை, அம்மா எத்தனை ராத்திரி தூங்கவில்லை, பிள்ளை வாசலைத் தாண்டி எத்தனை முறை போனது. கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்த அளவுகோல். யாரும் அதைக் கேட்பதில்லை.

எல்லா ஒன்றியத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்று எப்படியும் சொல்லப் போகிறார்கள். அப்படியானால் முதலில் எது, அடுத்து எது என்பதைக் குலுக்கல் போட்டு எடுக்கட்டும். காத்திருக்கும் ஒன்றியத்தையும் சேர்த்து அளந்தால், மாற்றம் திட்டத்தால் வந்ததா தானாக வந்ததா என்று தெரியும். சிபாரிசும் குறையும்.

இரண்டு வருடத்துக்குக் குறைந்த சோதனையை ஏற்கக் கூடாது. முதல் ஆறு மாதம் ஆள் எடுப்பதிலும் அட்டை சரிபார்ப்பதிலும் போய்விடும். முடிந்த பிறகு சம்பளம் எந்தத் துறையின் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்பதை முதல் நாளே எழுதி வாங்க வேண்டும்.

## அந்தக் குழுவிடம் நான் சொன்னது

ஒன்றே ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் தாலுகா சேவையைக் கேளுங்கள், ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். முதலாவது, 40 குடும்பத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஊழியர். சுகாதாரத் துறையோ நலத்துறையோ, இரண்டு கதவையும் தட்டுவது அவர் வேலை; மருந்து தீர்ந்தால் அவர் போனில்தான் கூப்பிடுவோம். இரண்டாவது, அந்த மையத்தோடு ஒட்டி ராத்திரி தங்க ஒரு சின்ன வீடு. அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் பத்து நாள், மற்ற நேரத்தில் வாரம் இரண்டு நாள் பழக்கம். நாளைக்கு வாடகை வீடுகள் முளைக்க அதுதான் நாற்றங்கால். கையில் பணத்தைக் கூட்டச் சொல்லும் போராட்டத்தை மாநில அளவில் மற்ற சங்கங்களோடு சேர்ந்து தனியாக நடத்தலாம். ஒரு தாலுகா சோதனையில் அதை வைத்தால் இரண்டு வருடம் முடிந்ததும் அந்தத் தொகை நின்றுவிடும், அந்த வலியைக் குடும்பங்கள் தாங்காது.

சட்டப் பாதுகாவலர் விஷயத்தையும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னேன். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும். மனநோய் இந்த இரண்டிலும் வராது. மனநோய் உள்ளவர்கள் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தங்கள் சார்பில் பேச ஒருவரை எழுத்தில் நியமித்து வைக்கலாம். தம்பி நல்ல நிலையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதை எழுதினோம். "நீயே இரு அக்கா, ஆனா ஊசி போடச் சொல்லாதே" என்றான். அதையும் எழுதினோம்.

டிரைவர் அண்ணனுக்கு என் பதிலில் முழுத் திருப்தி இல்லை. "வீடு நல்லதுதான். ஆனா அந்த வீட்டுக்கு ஆள் வராத அன்னைக்கு?" என்றார். அதற்காக ஒரு மாற்று ஆளின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தோம். மனுவை வரைவாக எழுதி வாசித்தபோது பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். 74 வயது, மகளுக்கு 46. ராத்திரி தங்கும் வீட்டில் பெண்களுக்குத் தனி அறை வேண்டும், அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும், இதை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். எழுதவில்லை. பொருளாளர் பேனாவை எடுத்து மூன்றாவது பத்திக்கு மேலே எழுதினார்.